காது குத்தாத பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பங்கு செல்போன் பற்றியவை. அதிலும் பேசுவதைப் பற்றி அல்ல, கேட்பதைப் பற்றி. ஆப் ஒரு கார்டை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை, வாசித்துக் காட்டும், அது என்ன கார்டு என்று நாம் காதால் பிடித்துச் சொல்ல வேண்டும். ஊரே இதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. அரசியல், கிரிக்கெட் கேள்விகள் அடுத்த இதழுக்கு ஒத்திவைப்பு. அவற்றுக்கு அதுவரை புதிய விடை எதுவும் வந்துவிடப் போவதில்லை.

கே: இரண்டு பட்டன்கள். மேஜர், மைனர். ஆப் வாசித்ததும் தட்டுகிறேன். 55 சதவீதம் சரியாக வருகிறது. முன்னேற்றம்தானே?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

ப: ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தட்டியிருந்தாலும் 50 வந்திருக்கும். நாணயத்துக்கு நெட் பேக்கும் போட வேண்டாம். இரண்டே விடை உள்ள பயிற்சியில் 85, 90 என்று வந்து, அடுத்த வாரமும் இறங்காமல் நின்றால்தான் அது காதின் வேலை. மேஜர், மைனர், டிமினிஷ்ட், ஆக்மென்டட் என்று நாலு பட்டன் உள்ள பாடத்தில் இதே 55 வந்தால் கதை வேறு. அங்கே குருட்டாம்போக்குக்குக் கிடைப்பது 25 தான். காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கே: மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம் என்கிறார் எங்கள் கிடார் மாஸ்டர். எனக்கு இரண்டுமே சோகமாகத்தான் கேட்கிறது.
— வாசகர், கோவை

ப: ஃபீஸ் கட்டிய வாரமாக இருக்கும். முதல் வகுப்பில் மாஸ்டர் ஏதாவது சொல்லியாக வேண்டும், அதற்கு இந்தச் சந்தோஷம்–சோகம் வசதி. இரண்டாவது வகுப்பில் மறந்துவிடலாம். மைனரில் அமைந்த குத்துப் பாட்டுகள் ஏராளம். கல்யாண ரிசப்ஷனில் அதற்கு வேட்டியை மடித்துக் கட்டி ஆடும் சித்தப்பாக்கள் யாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நீலாம்பரியோ சங்கராபரணத்தின் ஜன்யம், அதில் இருப்பது மேஜருக்கு உரிய அந்தர காந்தாரம். கேட்டால் குதூகலமா வருகிறது? கொட்டாவி வருகிறது. தாலாட்டுக்கு அதுதானே வேண்டும்.

மனநிலையைத் தீர்மானிப்பதில் வேகம், தாளம், குரல் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆப் வாசிக்கும் வெறும் பியானோ கார்டில் இவை எதுவும் இல்லை. ஆகவே உணர்ச்சியைத் தேடாதீர்கள், காந்தாரத்தைத் தேடுங்கள். ஸ-வும் ப-வும் இரண்டு கார்டிலும் ஒன்றேதான். ஸ-விலிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணி நாலாவது கட்டையில் காந்தாரம் இருந்தால் மேஜர், மூன்றாவது கட்டையில் இருந்தால் மைனர். பாட்டுக் கற்றவர்கள் பாஷையில் அந்தரம், சாதாரணம். சண்டை முழுக்க அந்த ஒரு கட்டையில்தான்.

கே: எட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றேன். பேத்தியின் ஆப்பில் கார்டு கேட்டால் தலைகால் புரியவில்லை. நமக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தானே பழக்கம்?
— வாசகி, கும்பகோணம்

ப: ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் பாடியது உங்கள் வாய், அம்மா. காது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்திரம் என்று நாலு தந்தி. காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது. ஆனாலும் சுருதி சுத்தமாகச் சேர்ந்து, தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலும் சரியாக உட்கார்ந்தால், மந்திரத்தை மீட்டும்போது அந்தர காந்தாரம் தானாக எழும். காரணம், எந்தத் தந்தியும் ஒற்றை ஒலியைத் தருவதில்லை. அதன் அடிப்படை அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேலே ஓர் அடுக்கே சேர்ந்து ஒலிக்கிறது. அதில் நாலாவது ஸ, ஐந்தாவது அந்தர காந்தாரம், ஆறாவது ப. 4:5:6. மேல்நாட்டார் மேஜர் கார்டு என்பது இதைத்தான். எட்டு வருஷம் நீங்கள் மேஜர் கார்டுக்கு உள்ளேயே சம்மணமிட்டு உட்கார்ந்து வர்ணம் பாடியிருக்கிறீர்கள்.

ஆப்பில் கார்டு ஒலித்ததும் உடனே தட்ட வேண்டாம். அடியில் இருக்கும் ஸ்வரத்தை ஸ என்று பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஸ-க-ப பாடிப் பாருங்கள். காந்தாரம் எதில் ஒட்டுகிறது, அந்தரத்திலா சாதாரணத்திலா? விடை உங்கள் தொண்டையில் வந்துவிடும், விரல் அதை எழுதிக்கொள்ள மட்டும்தான். பெரும்பாலான ஆப்களில் ‘முதலில் பாடு’ என்று பட்டன் இல்லை. இல்லாத அந்த பட்டன்தான் இருப்பதிலேயே முக்கியமானது. பேத்தியிடம் பந்தயம் கட்டும் முன், அடி ஸ்வரம் ஸ-வாகவே இருக்கும் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். காந்தாரத்தையோ பஞ்சமத்தையோ அடியில் வைத்து வாசிக்கும் இன்வெர்ஷன் பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டிக்கும் கௌரவம் உண்டு.

கே: டிமினிஷ்ட் கார்டு கேட்டாலே பேய் பங்களா கதவு திறக்கிறது. அதற்கு என்னதான் பிரச்னை?
— வாசகர், திருச்சி

ப: பஞ்சமம் இல்லை. அதுதான் பிரச்னை. ஸ, சாதாரண காந்தாரம், அதற்கு மேல் சுத்தமான ப வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டை கீழே பிரதி மத்யமம். ஊன்றிக்கொள்ள இடமில்லாததால் காது தவிக்கிறது. சினிமாக்காரர்கள் அந்தத் தவிப்பைப் பேய்க்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

இதில் ஓர் அழகு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களை எடுத்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று மூன்று அடுக்குங்கள். ஸ-க-ப மேஜர். ரி-ம-த மைனர். க-ப-நி மைனர். ம-த-ஸ மேஜர். ப-நி-ரி மேஜர். த-ஸ-க மைனர். கடைசியாக நி-ரி-ம, அதுதான் நம் பேய் பங்களா. இப்போது கிரக பேதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சங்கராபரணத்தில் ரி-யை ஸ ஆக்கினால் கரகரப்பிரியா, க-வை ஆக்கினால் தோடி, ம-வில் கல்யாணி, ப-வில் ஹரிகாம்போஜி, த-வில் நடபைரவி. நி-யை ஸ ஆக்கினால்? பஞ்சமமே கிடைக்காது, இரண்டு மத்யமம் வந்து நிற்கும், மேளகர்த்தாவே ஆகாது. நம் வித்வான்கள் ‘இது ஆகாது’ என்று சாத்திய அதே கதவுக்கு அவர்கள் டிமினிஷ்ட் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. அந்த ஐந்து ராகங்களின் காந்தாரத்தை நினைவுபடுத்திக்கொண்டால், எந்த ஸ்வரத்தின் மேல் எந்த கார்டு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. தோடியில் சாதாரண காந்தாரம், ஆகவே க-வின் மேல் மைனர். கல்யாணியில் அந்தரம், ஆகவே ம-வின் மேல் மேஜர். மேளகர்த்தா தெரிந்தவருக்கு மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயம் இலவசம்.

கே: டாமினன்ட் செவன்த், மேஜர் செவன்த். இரண்டுக்கும் ஆப் வித்தியாசம் காட்டுகிறது, என் காது காட்ட மாட்டேன் என்கிறது.
— கீபோர்ட் மாணவி, நாகர்கோவில்

ப: மூன்று ஸ்வரத்தையும் மறந்துவிட்டு நாலாவதைப் பாருங்கள். ஸ-க-ப மேல் கைசிகி நிஷாதம் என்றால் டாமினன்ட், காகலி என்றால் மேஜர் செவன்த். ஹரிகாம்போஜிக்கும் சங்கராபரணத்துக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவே. காகலி மேல் ஸ-வுக்கு ஒரு கட்டை தூரத்தில் உரசிக்கொண்டு நிற்கும். கைசிகி வேறெங்கோ போக டிக்கெட் எடுத்துவிட்டு நிற்கும்.

கே: ஆக்மென்டட் கார்டில் எது ரூட் என்று கேட்டால் மட்டும் எப்போதும் தப்பாகிறது.
— சேலம்

ப: தப்பு உங்களுடையது அல்ல, கேள்வியுடையது. ஸ்தாயியின் 12 கட்டையை 4, 4, 4 என்று சமமாக வெட்டினால் ஆக்மென்டட். எதை அடியில் வைத்தாலும் இடைவெளி அதேதான். தனியாக ஒலிக்கும்போது மூன்று பேரில் யார் தலைவர் என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது. டிமினிஷ்ட் செவன்தும் அப்படியே, 3, 3, 3, 3. கணக்குப் போட்டால் உலகத்தில் மொத்தமே நாலு ஆக்மென்டட், மூன்று டிமினிஷ்ட் செவன்த். மற்றதெல்லாம் அவற்றின் புனைபெயர்கள். முன்னும் பின்னும் வேறு கார்டு இருந்தால்தான் தலைவர் தெரிவார்.

கே: கார்டு என்பது மூன்று ஸ்வரமா, ஒன்றா? தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டுமா, மொத்தமாகக் கேட்க வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

ப: ஃபில்டர் காபி குடிப்பவர், சிக்கரி கூடிவிட்டது என்பதை ஒரே வாயில் சொல்லிவிடுவார். கொட்டையைத் தனியாகவும் சிக்கரியைத் தனியாகவும் ருசித்துக் கூட்டிக் கழிப்பதில்லை. கார்டும் கடைசியில் அப்படி மொத்தமாக வர வேண்டியதுதான். ஆனால் ஆரம்பத்தில் பிரித்தே தீர வேண்டும். பல ஆப்களில் கார்டை ஒரே அடியாக வாசிக்கவும், ஸ்வரம் ஸ்வரமாக உதிர்த்து வாசிக்கவும் வசதி உண்டு. முதலில் ஒரே அடி, நீங்கள் பாடிப் பிரியுங்கள், பிறகு உதிர்த்துச் சரிபாருங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். உதிர்த்ததைக் கேட்டுவிட்டு ‘எனக்குத் தெரிந்ததுதான்’ என்று தட்டுவது, விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிற சுகம்.

கே: 30 நாளில் ‘பெர்ஃபெக்ட் பிட்ச்’ வரவழைக்கும் என்று ஒரு விளம்பரம். எனக்கு 34 வயது. வாங்கலாமா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

ப: 30 நாளில் முடி வளரும் என்ற விளம்பரத்துக்குப் பக்கத்தில் பார்த்தீர்களா? ஒலித்த ஸ்வரத்தை எந்தத் துணையும் இல்லாமல் ‘இது எஃப் ஷார்ப்’ என்று சொல்லும் திறமைக்குக் குழந்தைப் பருவம்தான் முக்கியமான காலம். ஜப்பானில் எகுச்சி முறை என்று ஒன்று உண்டு. அதுவும் கார்டை வைத்தே. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நிறக் கொடி, கார்டு ஒலித்ததும் குழந்தை அந்தக் கொடியைத் தூக்க வேண்டும். 2014-ல் வெளியான ஆய்வில் 2 முதல் 6 வயதுள்ள 24 குழந்தைகள் சேர்ந்தார்கள், இரண்டு பேர் பாதியில் நின்றார்கள், மீதி 22 பேருக்கும் திறமை வந்தது. ஆனால் 30 நாளில் அல்ல, வருடக்கணக்கில் தினமும் பயின்று. உங்களுக்குக் கொடி வாங்க வேண்டிய வயது தாண்டிவிட்டது.

கவலை வேண்டாம். கார்டைப் பிடிக்க அது தேவையே இல்லை. வேண்டியது ஒரு ஸ-வை வைத்து மற்றதை அளக்கும் காது. நம் பாடகர்கள் ஒருவர் ஒன்றரைக் கட்டையில், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் என்று ஸ-வைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கல்யாணி கல்யாணியாகவேதான் இருக்கிறது. இந்தக் காது எந்த வயதிலும் பழகும்.

கே: எந்த வயதிலும் என்றால்? எனக்கு 67. காது கொஞ்சம் மந்தம்.
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், விருதுநகர்

ப: வணக்கம் ஐயா. வயதானால் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. நடு சி 262 ஹெர்ட்ஸ், பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 தான். ஆப் வாசிக்கும் கார்டுகள் பெரும்பாலும் கீழ்ப்பாதியில் இருப்பவை. காதுக் கருவி வைத்திருந்தால் மட்டும் ஒரு விஷயம்: அது பேச்சைத் தெளிவாக்கவே அமைக்கப்பட்டது, பாட்டைச் சிலசமயம் திருகிவிடும். சில கருவிகளில் பாட்டுக்கென்று தனி அமைப்பு உண்டு, பொருத்தியவரைக் கேளுங்கள். மற்றபடி, கடைசி பெஞ்சில் யார் பேசியது என்று திரும்பாமலே கண்டுபிடித்த காது, காந்தாரத்தை விட்டுவிடுமா?

கே: ஸ்பீக்கரில் கேட்டால் தப்பு, இயர்போனில் கேட்டால் சரி. ஆப்பில் கோளாறா?
— ஓசூர்

ப: போனில். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், சாதாரண கிடாரின் அடித்தந்தி 82. நகம் அளவு ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெம்பு கிடையாது. மேலே ஒலிக்கும் மடங்குகளை வைத்து மூளை அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. இன்வெர்ஷன் பாடத்தில் கேள்வியே அடி ஸ்வரம் எது என்பதுதான், அங்கே ஊகம் காலை வாரும். வயர் இயர்போனே போதும். பைக் ஓட்டும்போது வேண்டாம். அங்கே காதுக்கு வேறு வேலை இருக்கிறது.

கே: தினமும் எவ்வளவு நேரம்?
— மன்னார்குடி

ப: காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் என்பது ஆப்புக்கு நல்லது, காதுக்கு அல்ல. கேட்காமலே விரல் தட்ட ஆரம்பித்துவிட்டால் மூடிவிடுங்கள்.

கே: ஆப்பில் 90 சதவீதம் வாங்குகிறேன். ஆனால் ரேடியோவில் ஒரு பாட்டு வந்தால் ஒரு கார்டுகூடப் பிடிபடவில்லை. ஏமாற்றமாக இருக்கிறது.
— லைட் மியூசிக் கீபோர்ட் பிளேயர், மதுரை

ப: இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. ஆப் ஒரு கார்டை வாசிக்கும், நிறுத்தும், நீங்கள் யோசிக்க இடம் கொடுக்கும். அடுத்தது முந்தையதோடு சம்பந்தமே இல்லாத இன்னொன்று. பாட்டில் எந்த கார்டும் அப்படித் தனியாக வருவதில்லை. தபேலா அடிக்கும், பாடகர் கமகம் போடுவார், வயலின்கள் குறுக்கே ஓடும், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் நாலு கார்டு போயிருக்கும். நீங்கள் பழகியது கார்டின் முகம். பாட்டுக்கு வேண்டியது அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். பாட்டு ஆரம்பித்ததும் கார்டைத் தேடாதீர்கள், ஸ-வைத் தேடுங்கள். பல்லவி முடிந்து எங்கே வந்து உட்காருகிறதோ, பெரும்பாலும் அதுதான். அதை விடாமல் முனகிக்கொண்டே இருங்கள். அடுத்து பேஸ் கிடாரை மட்டும் கேளுங்கள். கார்டு மாறும் இடத்தில் பேஸ் பெரும்பாலும் அதன் ரூட்டைத்தான் தொடும். பேஸ் ஸ-விலிருந்து ம-வுக்குப் போனதா, ப-வுக்கா, த-வுக்கா என்று ஸ்வரமாகச் சொல்லிப் பழகினால், மேஜரா மைனரா என்பதைப் பாதி நேரம் கேட்காமலே சொல்லிவிடலாம். பாட்டு மேஜரில் இருந்தால் ம-வின் மேலும் ப-வின் மேலும் மேஜர், த-வின் மேல் மைனர். திருச்சிக்காரருக்குச் சொன்ன கணக்கு இதுதான். அந்தக் கணக்குக்கு அடங்காமல் ஒரு கார்டு வரும்போதுதான் இசையமைப்பாளர் ஏதோ குறும்பு செய்திருக்கிறார். ஆப்பில் பழகிய காதுக்கு வேலை அந்த இடத்தில்.

ஆப்பையும் இதற்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுக்கலாம். ஃபங்ஷனல் இயர் டிரெய்னர் என்ற ஆப் முதலில் ஒரு சின்ன கார்டு வரிசை வாசித்து ஸ-வைக் காதில் நிறுத்திவிட்டு, அதன் பிறகுதான் ஸ்வரத்தைக் கேட்கிறது. அது கார்டுக்கான ஆப் அல்ல, ஆனாலும் உங்களுக்கு இப்போது தேவை அதுதான். ஒற்றைக் கார்டு பயிற்சியை விட்டுவிட்டு, நாலு கார்டு வரிசையைக் கேட்கும் பாடங்களுக்கும் மாறுங்கள். மதிப்பெண் 90-லிருந்து 40-க்கு விழும். பரவாயில்லை, அந்த 40 மேடைக்கு உதவும்.

கே: எல்லாப் பாட்டின் கார்டையும் எழுதித்தரும் ஆப்களே வந்துவிட்டன. காதை ஏன் சிரமப்படுத்த வேண்டும்?
— மென்பொருள் எழுதுபவர், பெங்களூரு

ப: மேடையில் பாடகி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, ‘அண்ணா, தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிடுங்க’ என்பார். அதற்கு கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவரே சரணத்தை மறந்து அனுபல்லவிக்குத் தாவும்போது எந்த பட்டனை அழுத்துவீர்கள்? எழுதித்தரும் ஆப்பை விடைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே கண்டுபிடித்த பிறகு திறக்க. வாத்தியங்கள் அடர்ந்த இடத்தில் அதுவும் தடுமாறும். அதைத் தப்பு என்று நீங்கள் கண்டுபிடிக்கும் நாளில் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், தபால் கார்டு.

கே: நாங்கள் இரண்டு பேர். ஒரே கார்டு. நான் சி சிக்ஸ் என்கிறேன், நண்பன் ஏ மைனர் செவன் என்கிறான். பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.
— கிடாரிஸ்ட், மேட்டூர்

ப: சி, இ, ஜி, ஏ. இரண்டிலும் இதே நாலு ஸ்வரங்கள்தான். பேஸ்காரர் சி-யைத் தொட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள், ஏ-யைத் தொட்டால் நண்பர். குழுவிலேயே அதிகம் பேசாத ஆளிடம்தான் தீர்ப்பு இருக்கிறது. டீ வாங்கிக்கொடுத்து இரண்டு பேரும் அவரிடம் போங்கள்.

கே: மகன் வாசிக்கும் ஹெவி மெட்டலில் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை என்கிறது ஆப். இசையே இல்லை என்பது என் சந்தேகம்.
— தகப்பனார், தாம்பரம்

ப: அவன் வாசிப்பது பவர் கார்டு. ஸ, ப மட்டும், காந்தாரம் கிடையாது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் கருவியில் காந்தாரத்தையும் சேர்த்தால் கூழாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஆப் சொன்னது சரி. ஆனால் ஸ-வும் ப-வும் மட்டும் கட்டிய வேறொரு வாத்தியத்தை உங்களுக்கும் தெரியும். மார்கழியில் நீங்கள் காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டுப் போய்க் கேட்பது அதைத்தான். மகனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், வால்யூமைக் கூட்டிவிடுவான்.

கே: ஆப்பின் அந்தர காந்தாரம் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கிறது. என் காது கெட்டுவிட்டதா?
— பாட்டு ஆசிரியை, தஞ்சாவூர்

ப: கெடவில்லை, அபாரமாக இருக்கிறது. ஸ்தாயியை 12 சம துண்டாக வெட்டும் பியானோ முறையில் அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் 386. அந்த 14 சென்ட் தூக்கலைத்தான் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். ஆப் மட்டுமல்ல, ஊரில் உள்ள எல்லா கீபோர்டும் அப்படித்தான். 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தையே தள்ளிவைத்தது. கமகம் பேசாத, நகராத ஸ்வரங்கள் என்பது குற்றச்சாட்டு. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. நீங்கள் ஆப்பைத் தள்ளிவைக்க வேண்டாம். கார்டு கேட்கும்போது அந்தக் காந்தாரம், பாடும்போது இந்தக் காந்தாரம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழி பேசுபவருக்கு நாக்கு குழறுவதில்லை.

கே: கார்டு, ஹார்மனி எல்லாம் நம் மண்ணுக்கு ஒட்டாத சரக்கு இல்லையா?
— திருவாரூர்

ப: உங்கள் ஊரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அதில் ஒன்று அப்படியே பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. கமகம் இல்லாத சங்கராபரணம் என்பதால் கார்டு போட்டுப் பழக அதைவிடச் சுலபமான சரக்கு கிடைக்காது. பேத்தி வைத்திருப்போர் கவனிக்க.

கே: சர்ச் குவயரில் டெனர் பாடுகிறேன். பாட்டு முடியும் இடத்தில் வரும் கார்டுகளை ஆப் ‘கேடன்ஸ்’ என்று கேட்கிறது. எல்லாம் முடிவாகவே கேட்கிறது.
— பாளையங்கோட்டை

ப: ப-கார்டிலிருந்து ஸ-கார்டுக்கு வந்தால் பெர்ஃபெக்ட், வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி. ம-விலிருந்து ஸ-வுக்கு வந்தால் பிளேகல், நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ‘ஆமென்’ என்று நீட்டுவது. ப-வரை வந்து அங்கேயே நின்றால் இம்பெர்ஃபெக்ட். ப-விலிருந்து ஸ-வுக்குப் போவதாகப் பாவனை காட்டிவிட்டு த-வில் இறங்கினால் இன்டரப்டட். முடிந்தது என்று எழுந்தவரை மறுபடி உட்கார வைக்கும். நாலையும் உங்கள் பார்ட்டை வைத்தே பிடிக்கலாம்: ஆமென் பாடும்போது ஸ அசையாமல் ஒரு குரலில் நிற்கும், மற்றவர்கள்தான் அதைச் சுற்றி நகர்வார்கள். சோல்ஃபா புத்தகத்தில் பாடிப் பழகியவராக இருந்தால் இன்னும் சுலபம். இங்கிலாந்தில் கர்வன் பரப்பிய அந்த முறையில் ‘டோ’ நகரும், நம் ஸ மாதிரியே.

கே: மகளுக்கு ராயல் கன்சர்வேட்டரி பியானோ தேர்வு. வீட்டில் ஆப்பில் எல்லாம் சரி, தேர்வாளர் முன்னால் வாயே திறக்கவில்லை.
— தாயார், ஸ்கார்பரோ, கனடா

ப: ஆப்பில் பட்டன் இருக்கிறது, தேர்வாளரிடம் இல்லை. பட்டன்கள் பாதி விடையைக் காட்டிக்கொடுக்கின்றன. இனி வீட்டுப் பியானோவில் நீங்கள் வாசியுங்கள், அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாயால் சொல்லட்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் இன்னும் நல்லது. மூன்று கட்டையை எண்ணி அமுக்குங்கள், ‘அம்மா, அது கார்டே இல்லை’ என்று அவள் சொன்னால் தேர்ச்சி.

கே: இளையராஜா எந்த ஆப்பில் பழகினார்?
— குறும்புக்காரன், பண்ணைப்புரம் பக்கம்

ப: தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆப்பில். அதை அன்இன்ஸ்டால் செய்ய முடியாது, திட்டும். ‘அன்னக்கிளி’ வந்த 1976-க்கு முன்பே சென்னையில் அவரிடம் மேல்நாட்டு இசை கற்றவர் ராஜா. ஏ.ஆர்.ரஹ்மானும் அதே மாஸ்டரின் மாணவர். ராஜா வாத்தியத்தைத் தொடாமல் நேரே தாளில் ஸ்கோர் எழுதுவார் என்பது ஊரறிந்தது. கவனித்தீர்களா? ஆப் ஒலியைக் கொடுத்துப் பெயரைக் கேட்கிறது. அவர் பெயரை எழுதி ஒலியை உள்ளேயே கேட்கிறார். நீங்களும் கொஞ்சம் எதிர்த்திசையில் போய்ப் பார்க்கலாம். ‘டி மைனர்’ என்று தாளில் எழுதுங்கள், மனசுக்குள் ஒலிக்க விடுங்கள், பாடுங்கள், பிறகு கீபோர்டில் அமுக்கிச் சரிபாருங்கள். இதற்குப் பேட்டரி தீராது.

கே: காசு கொடுத்து வாங்கும் ஆப்பா, இலவசமா?
— பொள்ளாச்சி

ப: இலவசமே தாராளம். பெர்ஃபெக்ட் இயர் என்ற ஆப்பில் காசில்லாமலே கணிசமான பயிற்சி உண்டு. கம்ப்யூட்டர் இருந்தால் ஜிஎன்யூ சோல்ஃபேஜ் முழுக்க இலவசம், பார்க்க அரசு அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும், வேலை செய்யும். பார்க்க வேண்டியவை: எந்தெந்த கார்டு வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்க முடிகிறதா, வாத்தியத்தை மாற்ற முடிகிறதா, தப்புச் செய்ததும் இரண்டு கார்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுகிறதா. கிரீடமும் காகிதப்பூ மழையும் கணக்கில் இல்லை.

கே: ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் ‘டிங்... டிங்...’ என்று கார்டு பயிற்சி செய்கிறார் என் கணவர். நான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை.
— மயிலாடுதுறை

ப: மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் சொல்லிப் பாருங்கள். இப்போது அவருக்கு அதில்தானே பயிற்சி.